ஏழு நகர்வுக்குள் மூன்று முறை கைமாறிய ஆட்டம்

சிறுவர் போட்டி ஒன்றின் ஐந்தாவது சுற்று. வெள்ளைக் காயுடன் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கறுப்புடன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். முடிவுத் தாளில் 1–0, வெள்ளை வெற்றி. அன்றைக்கு அந்த மண்டபத்தில் இப்படி எத்தனையோ முடிவுகள் எழுதப்பட்டன. இந்த ஒன்றை மட்டும் எடுத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. 47-ஆவது நகர்வுக்கும் 53-ஆவது நகர்வுக்கும் நடுவில் சமனாக இருந்த ஆட்டம் வெள்ளையின் வெற்றியாகி, மறுபடி சமனாகி, மறுபடி வெள்ளையின் வெற்றியானது. அப்போது பலகையில் இருந்தவை ஐந்தே காய்கள். மூன்று தவறுகளில் இரண்டைப் பையன் செய்தான், ஒன்றை அந்தப் பெண் செய்தாள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் கருத்து. அதைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

போட்டி நடந்த ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னால் பெரியவர்களுக்குக் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டி வந்த 1948 அவசரகாலமும் இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தனும் நினைவுக்கு வரும், சதுரங்கம் வராது. சுற்றிலும் முன்பு பால்மரம் நின்ற இடங்களில் இப்போது பெரும்பாலும் செம்பனை. போட்டிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் தோட்டத்திலேயே இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள், மீதிப் பேர் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிவந்தவர்கள். பள்ளி விளையாட்டு மன்றத்தின் மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் தனித்தனிப் பிரிவில் ஆடுவார்கள். இது ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய திறந்த போட்டி என்பதால் 12 வயதுக்குட்பட்டோர் எல்லாரும் ஒரே பிரிவு. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளியில் ஒன்றாகப் பழகிவிட்டுப் போட்டிக்கு வந்ததும் பிரிந்து உட்கார வேண்டியதில்லை.

நேரம் ஆளுக்கு 25 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 5 வினாடி கூடுதல். இது துரித ஆட்டம். உலக விதிப்படி நகர்வுகளை எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனாலும் நடத்தியவர்கள் குறிப்புத் தாள் கொடுத்து, முடிந்தவரை எழுதுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இருவரும் 30-ஆவது நகர்வு வரை எழுதியிருந்தார்கள். நான் அன்று நடுவருக்கு உதவியாக அந்த வரிசை மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பகுதியைப் பக்கத்திலிருந்து குறித்துக்கொண்டதும் கடிகாரத்தைக் கவனித்ததும் அப்படித்தான். ஆட்டம் முடிந்த பிறகு இருவரும் பலகையில் முழுவதையும் மறுபடி அடுக்கிக் காட்டினார்கள்; என் குறிப்போடு ஒத்துப்போனது. சின்னப் பிள்ளைகள் என்பதால் பெயரும் பள்ளியும் இங்கே வேண்டாம்.

கட்டங்களைக் குறிக்க வழக்கமான முறையையே எடுத்துக்கொள்கிறேன். வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று பத்திகள். வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை வரிசைகள். பலகை கையில் இருந்தால் காய்களை வைத்துப் பார்த்தபடி படியுங்கள். ஐந்து காய்தான், தேடி எடுக்க நேரமாகாது.

தொடக்கத்தில் போன ஏழு நிமிடம்

ஆரம்பம் இத்தாலிய ஆட்டம், அதில் இரு குதிரைத் தற்காப்பு. இரண்டு பக்கமும் ராஜா முன் சிப்பாய், பிறகு குதிரைகள், வெள்ளை மந்திரி சி4. நான்காவது நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்ந்தது. எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கும் இந்தப் பாய்ச்சலைக் கைப்பேசியில் சதுரங்கம் பார்க்கும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கறுப்பு டி5 தள்ளினான், வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டியது. இங்கே குதிரையால் டி5-இல் திருப்பி வெட்டினால் வெள்ளை தன் குதிரையை எஃப்7-இல் பலி கொடுத்து ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்துவிடும். பையன் அதில் விழவில்லை. குதிரையை ஏ5-க்குத் தள்ளி மந்திரியைத் தாக்கினான். மந்திரி பி5-இல் செக், சி6 தடுப்பு, சிப்பாய் வெட்டு, பி-சிப்பாய் திருப்பி வெட்டு. ஏழு நகர்வு முடிந்தபோது கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. அதற்கு ஈடாகக் காய்கள் வேகமாக வெளியே வரும். நூற்றாண்டுக்கு மேலாக ஆடப்படும் வழி இது. இதில் பிழையேதும் இல்லை.

எட்டாவது நகர்வில் அந்தப் பெண் மந்திரியை டி3-க்கு எடுத்தாள். பையன் படித்து வைத்திருந்தது மந்திரி இ2-க்குப் போகும் பழைய வழி. டி3-இல் மந்திரி நின்றால் தன் டி2 சிப்பாயின் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். பார்க்க விகாரமாக இருக்கும். ஆனால் ஜி5 குதிரை திரும்பி வர இ4 கட்டத்தை அது காவல் காக்கிறது. இன்றைய பெரிய ஆட்டக்காரர்கள் விரும்பி ஆடுவது இதைத்தான். பையன் பலகையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மறுபடி பலகையைப் பார்த்தான். ஏழு நிமிடம் போனது. கடைசியில் குதிரையை டி5-க்குக் கொண்டுபோய் ஜி5 குதிரை மேல் ராணியின் பார்வையைத் திறந்துவிட்டான். நல்ல நகர்வு. ஆனால் அதற்குக் கொடுத்த விலை மொத்த நேரத்தில் நாலில் ஒரு பங்குக்கும் அதிகம்.

நடு ஆட்டத்தை வேகமாகக் கடந்துவிடலாம். கறுப்புக்குத் தாக்குதல் கிடைக்கவில்லை, வெள்ளைக்கும் அவசரம் இல்லை. 22-ஆவது நகர்வில் ராணிகள் வெட்டுப்பட்டன. சிறிது சிறிதாகக் காய்கள் குறைந்து, யானைக்கு யானை, சிப்பாய்களில் வெள்ளைக்கு ஒன்று கூடுதல் என்ற நிலை வந்தது. தொடக்கத்தில் கொடுத்த அதே சிப்பாய்க் குறைவு கடைசி வரை பையனோடு வந்தது.

30 முதல் 46 வரை அவன் ஆடியதைப் பாராட்டாமல் போக முடியாது. ஒரு சிப்பாய் பின்தங்கியவர் சிப்பாய்களை வெட்டிக் குறைக்க வேண்டும், மற்றக் காய்களை வெட்டக் கூடாது. முன்னிலையில் இருப்பவருக்கு இது நேர் எதிர். பையன் யாரும் சொல்லாமலே அதைச் செய்தான். ராஜா பக்கத்துச் சிப்பாய்களை ஒவ்வொன்றாக மாற்றினான், பிறகு ஏ-பத்திச் சிப்பாயையும் மாற்றினான். வெள்ளையிடம் மிஞ்சியது ஒரே ஒரு டி-சிப்பாய். அதன் எதிரிலேயே தன் ராஜாவை நிறுத்தினான். இத்தனையையும் கடிகாரத்தில் அரை நிமிடத்துக்குக் கீழே, நகர்வுக்கு நகர்வு கிடைத்த 5 வினாடியில் வாழ்ந்துகொண்டே செய்தான்.

47: யானையைத் தொட்ட கை

நிலை இது. வெள்ளை: ராஜா சி4, யானை எச்7, சிப்பாய் டி4. கறுப்பு: ராஜா டி6, யானை இ8. வெள்ளையின் முறை. சரியாக ஆடினால் சமன். இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. ஏழு காய் வரைக்குமான எல்லா நிலைகளும் கணினியால் முழுமையாகத் தீர்க்கப்பட்டுவிட்டன. மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமனோசவ் கணினியில் அந்த வேலை 2012-இல் முடிந்தது. ஐந்து காய் நிலைகள் அதற்கும் வெகு முன்பே தீர்ந்தவை.

அவள் யானையை எச்6-க்கு இறக்கி செக் வைத்தாள். பையனுக்கு இரண்டு வகைப் பதில் இருந்தது. ராஜாவை டி7-க்கு இறக்குவது ஒன்று. யானையை இ6-இல் குறுக்கே வைப்பது மற்றொன்று.

அவன் கை யானைமேல் போய் நின்றது. தொட்டதும் நின்றது. ஆறேழு வினாடி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். தொட்ட காயை ஆட விதிப்படி ஒரு நகர்வாவது இருந்தால் அதைத்தான் ஆட வேண்டும். செக்கில் இருக்கும்போது அந்த யானைக்கு உள்ள ஒரே நகர்வு இ6. எதிரில் இருந்தவள் ஒன்றும் சொல்லவில்லை, நடுவரையும் கூப்பிடவில்லை. பையனும் மழுப்பவில்லை. யானையை இ6-இல் வைத்துக் கடிகாரத்தை அழுத்தினான். பிற்பாடு கேட்டபோது, “யானைய வெட்டிட்டா அக்காகிட்ட ஒரு சிப்பாய்தானே இருக்கும், டிரான்னு நெனச்சேன் சார். தொட்ட அப்புறம்தான் ராஜா கீழ போகலாம்னு தெரிஞ்சது” என்றான். பதினொரு வயதில் இந்த நேர்மை இருப்பது பெரிய விஷயம். ஆட்டத்தைப் பற்றிய மற்ற எதையும்விட எனக்கு முதலில் எழுதத் தோன்றியது இதுதான்.

யானைகள் போனால் ஏன் தோல்வி? ராஜாவும் ஒரு சிப்பாயும் ஒரு பக்கம், தனி ராஜா மறுபக்கம் என்றால் பாதிக்குப் பாதி சமன் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது அதிர்ஷ்டக் கணக்கல்ல, எண்ணிப் பார்த்துவிடக்கூடிய கணக்கு. சிப்பாய் டி4-இல் இருந்தால் சி6, டி6, இ6 ஆகிய மூன்றும் சாவிக் கட்டங்கள். வெள்ளை ராஜா அவற்றில் எதை அடைந்தாலும், அடுத்த முறை யாருடையது என்ற கேள்வியே இல்லாமல் வெற்றி. கறுப்பு ராஜா அதைத் தடுத்துக்கொண்டே இருந்தால் சமன்.

தடுக்க முடியுமா என்பதை ஒப்போசிஷன் முடிவு செய்கிறது. இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேராக, நடுவில் ஒரு கட்டம் விட்டு நிற்கும் நிலை அது. ஒற்றையடிப் பாலத்தில் எதிரெதிரே வந்து நின்ற இருவரைப் போல, யார் அசைய வேண்டிய முறையோ அவர்தான் வழிவிட வேண்டும்.

ராஜாவை டி7-க்கு இறக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வெள்ளை ராஜா சி5-க்கு வந்தால் யானை சி8-இல் செக். ராஜா டி5-க்கு ஏறினால் யானை ஏ8-க்குப் போய்விடும். வெள்ளை யானை ஆறாம் வரிசையை விட்டதும் கறுப்பு யானை ஏ6-இல் நின்றுகொள்ளும். வெள்ளை ராஜா மேலே ஏற முடியாது. சிப்பாய் ஆறாம் வரிசைக்குப் போனால் யானை பலகையின் கீழ்க்கோடிக்கு ஓடிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் பிலிடோர் காட்டித் தந்த தற்காப்பு இது. அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது.

49: மூன்று நிமிடம் கையில் இருந்தவளின் நாலு வினாடி

யானை வெட்டு, ராஜா இ6-இல் திருப்பி வெட்டு. இப்போது வெள்ளை ராஜா சி4, சிப்பாய் டி4, கறுப்பு ராஜா இ6, வெள்ளையின் முறை. வெற்றி அவள் கையில். ஆனால் வெற்றிக்கு ஒரே ஒரு நகர்வுதான் உண்டு: ராஜா சி5.

எண்ணிப் பாருங்கள். ராஜா சி5-க்கு வந்ததும் சி6, டி6 இரண்டுமே அடுத்த அடியில் இருக்கின்றன. கறுப்பு இரண்டையும் தடுக்க டி7-க்குத்தான் போக முடியும். அப்போது வெள்ளை ராஜா டி5. நேருக்கு நேர், நடுவில் டி6 மட்டும், முறை கறுப்புக்கு. அவன் இ7-க்கு விலகினால் வெள்ளை ராஜா சி6. சி7-க்கு விலகினால் இ6. சாவிக் கட்டம் கிடைத்துவிட்டது, மீதி நடைதான்.

அவள் ஆடியது சிப்பாய் டி5, செக்.

கடிகாரத்தில் அவளுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றே குறைவாக இருந்தது. அந்த நகர்வுக்கு எடுத்தது நாலு வினாடி. இந்த ஆட்டத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த இடம் இது. பையனின் தவறுகளுக்கு நேர நெருக்கடியைச் சொல்லலாம். மண்டபத்தில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். அவளுக்கு அந்த நெருக்கடி இல்லை. நல்ல ஆட்டக்காரி, நிதானமானவள், அன்று காலையிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் யோசித்து ஆடியவள். இங்கே அவள் நிறுத்தி யோசிக்கவில்லை, ஏனென்றால் யோசிக்க ஏதோ இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. சிப்பாய் ராணியாக வேண்டும், அதனால் சிப்பாயைத் தள்ள வேண்டும்; தள்ளினால் செக் வேறு. கேள்வி எழுந்திருந்தால் மூன்று நிமிடத்தில் அவளே பதிலைக் கண்டுபிடித்திருப்பாள். அவளுடைய கணக்குத் திறமைக்கு இது பெரிய வேலையே இல்லை.

ராஜா முன்னால், சிப்பாய் பின்னால். காய்கள் குறைந்த இந்த வகை முடிவு ஆட்டத்தில் முதலில் சொல்லித்தர வேண்டியது இவ்வளவுதான். சிப்பாய் முந்திவிட்டால் அதன் முன் கட்டத்தை எதிரி ராஜா பிடித்துக்கொள்ளும். பையன் அப்படியே பிடித்துக்கொண்டான்: ராஜா டி6. மறுபடி சமன்.

53: பக்கவாட்டில் ஒரு அடி

அடுத்த சில நகர்வுகளில் பையன் சரியாகவே நின்றான். வெள்ளை ராஜா டி4, கறுப்பு நேராகப் பின்வாங்கி டி7. வெள்ளை இ5, கறுப்பு இ7. எதிர்முகமாக நின்று வழி மறித்தான். டி6 செக், ராஜா டி7. வெள்ளை ராஜா டி5. இப்போது வெள்ளைச் சிப்பாய் டி6, அதன் பின்னால் ராஜா டி5, கறுப்பு ராஜா டி7, முறை கறுப்புக்கு. 53-ஆவது நகர்வு.

போகக் கூடிய கட்டங்கள் மூன்று: சி8, டி8, இ8. டி8 சமன். மற்ற இரண்டும் தோல்வி.

டி8-க்கு நேராக இறங்கினால், வெள்ளை ராஜா எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் எதிரே போய் நிற்கலாம். அவள் இ6 வந்தால் அவன் இ8. சிப்பாய் டி7-இல் செக் கொடுத்தால் ராஜா டி8. சிப்பாயைக் காப்பாற்ற வெள்ளை ராஜா டி6-க்கு வந்தால் கறுப்புக்குச் செக் இல்லை, நகரவும் இடமில்லை. முடக்கம், சமன். டி6-க்கு வராமல் விலகினால் சிப்பாய் போய்விடும், அதுவும் சமன்.

பையனிடம் அப்போது இருபத்தைந்து வினாடி இருந்தது. பதினைந்தைச் செலவழித்தான். இ8 ஆடினான். வெள்ளை ராஜா உடனே இ6-க்கு ஏறி நேருக்கு நேர் நின்றது. கறுப்பு டி8, சிப்பாய் டி7. இந்த முறை அது செக் இல்லாமல் வந்தது. வித்தியாசம் அந்த ஒன்றில்தான் இருக்கிறது. அவன் சி7-க்குப் போகக் கட்டாயம், வெள்ளை ராஜா இ7, அடுத்து ராணி. பையன் கை நீட்டினான்.

ஏன் இ8 என்று கேட்டேன். “ஓரமா போனா அக்கா ராஜா சுத்தி வரணும், நேரம் கெடைக்கும்னு நெனச்சேன்.” அவன் குருட்டாம்போக்கில் ஆடவில்லை. காரணம் வைத்திருந்தான், பதினைந்து வினாடி உண்மையாகவே யோசித்தான். மூன்று கட்டங்களில் எது எதற்காக என்று அளந்து பார்க்க அவனிடம் அளவுகோல் இல்லை. செக் இல்லாமல் சிப்பாய் ஏழாம் வரிசைக்கு வந்தால் வெற்றி, செக்குடன் வந்தால் பெரும்பாலும் சமன் என்ற ஒரு வரி போதும். அதைப் பத்து வினாடியில் பயன்படுத்தியிருப்பான்.

அவன் அப்பா பின்னால் நின்றிருந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு வந்தவர். “கடைசியில இப்படிப் பண்ணிட்டானே” என்று வருத்தப்பட்டார். பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பெரியவர்களும் தலையசைத்தார்கள். கடைசி நகர்வுதான் தவறு என்று எல்லாருக்கும் பட்டது, ஏனென்றால் அதுதான் கண்ணில் பட்டது. அந்த அப்பாவிடம் பலகையைக் காட்டி 47-இலிருந்து விளக்கினேன். மகன் யானையைத் தொட்டதிலிருந்து தோற்றிருந்தான், எதிர்ப்பக்கம் நழுவவிட்டதால் மறுபடி பிழைத்தான் என்றதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. பிள்ளையைத் திட்ட வேண்டாம் என்று அவரிடம் நேரடியாகவே கேட்டுக்கொண்டேன்.

இதே வகைத் தவறு சிங்கப்பூரில்

பிள்ளைகளின் ஆட்டம் என்பதால்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக வெற்றியாளர் போட்டியின் 14-ஆவது, கடைசி ஆட்டம். அப்போதைய வெற்றியாளர், சீனாவின் டிங் லிரன் வெள்ளை, சென்னைப் பையன் குகேஷ் கறுப்பு. யானையும் மந்திரியும் ஆளுக்கு ஒன்று, குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், சமனாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டம். 55-ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2-க்கு இறக்கினார். குகேஷ் யானையை வெட்டினார், பிறகு மந்திரியை டி5-க்குக் கொண்டுவந்து மந்திரி மாற்றத்தையும் கட்டாயமாக்கினார். மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும், இரண்டுக்கு ஒன்று. அதில் டிங்குக்குத் தப்பிக்க வழி இல்லை. 7.5-க்கு 6.5, பதினெட்டு வயதில் உலக வெற்றியாளர்.

அந்த ஆட்டத்தை நம் பிள்ளைகள் நேரலையில் பார்த்தவர்கள்தான். சுங்கை சிப்புட்டிலும் பார்த்தார்கள். கைதட்டினார்கள், படத்தைப் பகிர்ந்தார்கள். யானைகளை வெட்டினால் என்ன மிஞ்சும் என்று வெட்டும் முன்பே பார்க்க வேண்டும் என்ற பாடம் அந்த ஒரு நகர்வில் முழுமையாக இருந்தது. யாரும் அவர்களை உட்கார வைத்து அந்தப் பகுதியைப் பலகையில் காட்டவில்லை. டிங் பிலிடோரையும் ஒப்போசிஷனையும் சின்ன வயதிலேயே கரைத்துக் குடித்தவர். களைப்பும் அழுத்தமும் ஒரு நொடி அவர் கண்ணை மறைத்தன. நம் இரு பிள்ளைகளுக்கும் மறைப்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை.

பயிற்சி எங்கே போகிறது

நம் பக்கத்துப் பயிற்சிகளைப் பற்றி இங்கே நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த ஒரு மணி நேரத்தில் தொடக்க வழிகளும் பொறிகளும் சொல்லித் தரப்படுகின்றன. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அடுத்த போட்டியிலேயே ஒரு ஆட்டம் ஜெயிக்கவும் உதவும். மீதி நேரம் கைப்பேசியில் மூன்று நிமிட ஆட்டம். அதில் முடிவு ஆட்டம் வருவதே அரிது. வந்தாலும் யாருக்காவது நேரம் தீர்ந்துவிடும். ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. பலர் தங்கள் பணத்தில் பலகை வாங்கி வைத்திருப்பவர்கள். வரிசைதான் தலைகீழாக இருக்கிறது என்கிறேன்.

இந்த ஆட்டத்தையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு இரு குதிரைத் தற்காப்பில் ஏழு நகர்வு மனப்பாடம். எட்டாவதில் மாறியதும் அந்த அறிவு முடிந்துபோனது, ஏழு நிமிடத்தையும் கொண்டுபோனது. தொடக்க வழிகளில் இப்படித்தான்: எதிராளி ஒரு நகர்வை மாற்றினால் படித்தது நின்றுவிடும். ராஜா–சிப்பாய் முடிவு அப்படி அல்ல. சிப்பாய் இ-பத்தியில் இருந்தாலும் சி-பத்தியில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். அந்த அறிவு இருந்திருந்தால் 47-இல் யானையைத் தொட்டிருக்க மாட்டான். அவளும் 49-இல் நாலு வினாடியில் ஆடியிருக்க மாட்டாள். யானை முடிவில் என்ன செய்வது என்ற கேள்விக்கே பாதிப் பதில், யானைகள் போனால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது.

ஆட்டம் முடிந்து அடுத்த சுற்றுக்கு அரை மணி இடைவெளி இருந்தது. மண்டபத்துக்கு வெளியே சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், மைலோ குவளைகளுக்கு நடுவில் இருவரும் பலகையைப் போட்டார்கள். 49-இல் ராஜா சி5 என்ற நகர்வைக் காட்டியதும் அவள் “ஐயோ” என்று தலையில் கை வைத்தாள். பிறகு உடனே பக்கம் மாற்றச் சொன்னாள். தான் கறுப்பை எடுத்துக்கொண்டு, “தம்பி, நீ ஜெயிச்சுக் காட்டு” என்றாள். அவன் ராஜா சி5 வைத்தான், அவள் டி7, அவன் டி5. மறுபடி மாற்றினார்கள். மூன்றாவது தடவை நான் வாயே திறக்கவில்லை. பக்கத்து மேசைப் பிள்ளைகளும் வந்து நின்றார்கள்.

பயிற்சிக்கும் இதே முறையைத்தான் பரிந்துரைப்பேன். சொற்பொழிவு வேண்டாம். மூன்று காய், இரண்டு பிள்ளைகள், மாற்றி மாற்றி இரு பக்கமும். முதலில் வெள்ளை ராஜா ஆறாம் வரிசையில், சிப்பாய் அதன் பின்னால்: முறை யாருடையதாக இருந்தாலும் வெற்றி. அப்புறம் எல்லாவற்றையும் ஒரு வரிசை கீழே இறக்கி வையுங்கள். முறையைப் பொறுத்து முடிவு மாறுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் 53-ஆவது நகர்வின் நிலை. மூன்று கட்டத்தில் எது என்று கேளுங்கள், காரணம் சொல்லச் சொல்லுங்கள். யானைகளைச் சேர்த்து 47-க்கு அதன் பிறகு வரலாம். ஒரு சனிக்கிழமை காலை போதும்.

மைலோ மேசையில் பையன் கடைசியாகக் கேட்ட கேள்வியையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்: சிப்பாய் டி-பத்தியில் இல்லாமல் ஏ-பத்தியில் இருந்தால் என்ன? அப்போது வெள்ளை ராஜா ஏறிவர ஒரு பக்கம்தான் இருக்கிறது, மறுபக்கம் பலகையே இல்லை. கறுப்பு ராஜா மூலையான ஏ8-ஐப் பிடித்துவிட்டால் ஒப்போசிஷன் யாரிடம் இருந்தாலும் சமன். எச்-பத்திக்கும் இதே விதி. 40-ஆவது நகர்வு வாக்கில் அவன் தன் ஏ-சிப்பாயைக் கொடுத்து வெள்ளையின் ஏ-சிப்பாயை வெட்டினான். வெள்ளையிடம் டி-சிப்பாய்க்குப் பதிலாக அந்த ஏ-சிப்பாய் மிஞ்சும்படி ஆடியிருந்தால், மூலை ராஜாவுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது யானைகளைத் தாராளமாக வெட்டியிருக்கலாம். இதை அவனே சொன்னான்.